காக்டெயில் கிளிகளுக்காக வீட்டை மாற்றியமைத்த ஐந்தாண்டு அனுபவம்

கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் காக்டெயில் (cockatiel) எனப்படும் சிறு கொண்டைக் கிளிகளில் ஒரு ஜோடியை ஐந்து ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். முதலில் வீட்டில் எல்லோரும் விரும்பியது பச்சைக்கிளியைத்தான். ஆனால் அதைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட காக்டெயிலைத் தேர்ந்தெடுத்தோம்.

கூண்டு விஷயத்தில் ஏமாந்தேன் என்றே சொல்ல வேண்டும். கடையில் காட்டிய கோபுர வடிவக் கூண்டு பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கிளி பறப்பது பக்கவாட்டில் என்பதால் அந்த உயரம் அவற்றுக்குப் பயன்படவே இல்லை. ஆறு மாதத்தில் கம்பிகளின் துத்தநாகப் பூச்சு செதில் செதிலாக உதிரத் தொடங்கியது. எந்நேரமும் அலகால் கம்பியைச் சுரண்டும் பறவைக்குத் துத்தநாகம் நஞ்சு. அதனால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, 3 அடி நீளமும் 2 அடி அகலமும் அரை அங்குலக் கம்பி இடைவெளியும் கொண்ட எவர்சில்வர் கூண்டு ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கினேன். விலை ஏறக்குறைய மூன்று மடங்கு. இன்றுவரை கம்பிகளில் துரு ஏறவில்லை. கதவுக் கொக்கியை அலகால் தூக்கித் திறக்க ஆண் கிளி கற்றுக்கொண்டதால், ஒரு சிறு பூட்டு மட்டும் சேர்க்க வேண்டியிருந்தது.

கூண்டோடு வந்த வழுவழுப்பான பிளாஸ்டிக் குச்சிகளை அகற்றி, பூச்சிமருந்து படாத மரத்திலிருந்து வெட்டிய கொய்யாக் கிளைகளைக் கழுவி வெயிலில் உலர்த்திப் பொருத்தினேன். கிளையின் பருமன் இடத்துக்கிடம் மாறுவதால் பாதத்தின் ஒரே பகுதியில் அழுத்தம் விழுவதில்லை.

உண்மையில் கூண்டைவிட அதிகமாகத் தயார் செய்ய வேண்டியிருந்தது வீட்டைத்தான். கிளிகள் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே பறக்கின்றன. நம் வீடுகளில் அவற்றுக்கு முதல் எமன் கூரையில் சுழலும் மின்விசிறி. அதன் சுவிட்சின் மேல் சிவப்பு ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறேன். விசிறியின் இறக்கைகள் முழுவதும் நின்ற பிறகே கூண்டுக் கதவு திறக்கும். ஏப்ரல், மே மாதங்களில் இது நமக்குத்தான் தண்டனை. குளியலறை வாளியைக் கவிழ்த்து வைப்பதும் கண்ணாடி சன்னலுக்குத் திரை போடுவதும் சில வாரங்களில் பழகிவிட்டன.

காற்றைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டேன். பறவைகளின் நுரையீரலோடு காற்றுப்பைகளும் இணைந்திருப்பதால், நமக்கு வெறும் வாடையாகத் தெரியும் புகை அவற்றை வேகமாகப் பாதிக்கிறது. மிகையாகச் சூடேறிய நான்ஸ்டிக் தவாவிலிருந்து எழும் ஆவி சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும் என்பதை அறிந்த அன்றே இரும்புத் தோசைக்கல்லுக்குத் திரும்பினோம். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதிலாகச் சன்னல்களுக்கு வலை அடித்தோம். சாம்பிராணியில்தான் இழுபறி. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாத வீடு ஒரு வீடா என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது அது வாசலுக்கு வெளியே மட்டும் புகைகிறது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது இரவு அச்சம். இரண்டாம் மாதம், நள்ளிரவில் மின்சாரம் போன நேரத்தில் ஏதோ சத்தம் கேட்டு இரண்டு கிளிகளும் கூண்டுக்குள் மோதித் துடித்ததில், பெண் கிளியின் வளரும் இறகொன்று முறிந்து இரத்தம் வழிந்தது. காக்டெயில்களுக்கு இது பரவலாக உள்ள இயல்பு என்று மருத்துவர் விளக்கினார். அன்று முதல் கூண்டின் மூன்று பக்கங்களை மூடி, மின்சாரம் நின்றாலும் அணையாத சிறு விளக்கொன்றை அருகில் எரியவிடுகிறேன்; அதன் பின் அப்படி நடந்தது ஒரே முறை, தீபாவளி வெடியால்.

உணவில் விதையை மட்டும் நம்பியது தவறு. வைட்டமின் ஏ குறையாமலிருக்க முருங்கைக் கீரையும் கேரட்டும் சேர்க்கிறேன். அவகாடோவும் சாக்லேட்டும் கிளிகள் எட்டும் இடத்தில்கூட இருப்பதில்லை.

குறை என்று சொன்னால், இறகிலிருந்து ஓயாமல் உதிரும் வெண்பொடி. நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்தும் புத்தக அலமாரியில் அது படிகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டுக்கு இந்த வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூண்டை மாற்றும் எண்ணம் இல்லை. எச்சம் பட்டு அரித்துப்போன அடித்தட்டை மட்டும் அடுத்த மாதம் மாற்ற வேண்டும்.