பாதப் புண் அறுவை சிகிச்சை: தாலுகா ஜி.எச்.சா, சின்ன நர்சிங் ஹோமா?

சர்க்கரை நோயால் அம்மாவின் பாதத்தில் ஆறாத புண். அழுகிய சதையை வெட்டி எடுக்க வேண்டும் என்கிறார்கள். எங்கே போவது?

அரசு மருத்துவமனையில் ஆபரேஷனுக்குக் கட்டணமில்லை. மருந்து, படுக்கை, சாப்பாடும் இலவசம். ஆனால் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். துணைக்கு இருப்பவரின் தினக்கூலி போகும். ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மெடிக்கல் காலேஜுக்கோ அனுப்புவார்கள். 108 ஆம்புலன்ஸ் இலவசம்தான். கூட இருப்பவர்களின் பஸ், சாப்பாட்டுச் செலவு நம்முடையது.

நர்சிங் ஹோமில் 'பேக்கேஜ்' என்று ஒரே தொகை சொல்வார்கள். அதில் மயக்க மருந்து டாக்டர், ஆன்டிபயாடிக், ஸ்கேன் எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். முக்கியமாக டிரெஸ்ஸிங்கைக் கேளுங்கள். வெட்டுவது ஒரு மணி நேர வேலை. கட்டு மாற்றுவது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும். பல குடும்பங்கள் கடனில் விழுவது அங்கேதான்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அந்த நர்சிங் ஹோம் திட்டப் பட்டியலில் இருக்க வேண்டும்; முன்அனுமதியும் வேண்டும். அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள்.

என்னைக் கேட்டால், முதலில் ஜி.எச்.சுக்குப் போங்கள். காய்ச்சலோ கால் கறுப்பதோ தெரிந்தால் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே கிளம்புங்கள்.