பன்னிரண்டு பொம்மை வாத்துகள்: ஒரு வேட்டைப் பருவம் முழுக்கப் பயன்படுத்திய பின்

கலிபோர்னியாவின் சேக்ரமென்டோ பள்ளத்தாக்கில் அறுவடை முடிந்து நீர் கட்டிய நெல்வயல் ஒன்றில், வரப்பிலேயே புதைத்த பதுங்குகுழியில் நண்பர்கள் இருவருடன் பங்கெடுத்துக்கொண்டு, அக்டோபர் இறுதி முதல் ஜனவரிக் கடைசி வரை பெரும்பாலான சனிக்கிழமைகளில் வாத்து வேட்டைக்குச் சென்றேன். வைக்கோலை எரிப்பதற்கு 1991-இல் வந்த சட்டம் கடிவாளமிட்ட பிறகு, நெல்தாளை மட்கச் செய்ய உழவர்கள் குளிர்காலத்தில் வயல்களில் நீரை நிறுத்துகிறார்கள்; அதனால் இப்பகுதி வலசை வாத்துகளுக்குப் பெரும் புகலிடமாகிவிட்டது. நம்மூர் ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் வரும் அதே ஊசிவால் வாத்து இனம் இங்கே அலாஸ்காவிலிருந்தும் கனடியப் புல்வெளிகளிலிருந்தும் இறங்குகிறது. அவற்றை ஈர்க்க நான் வாங்கிய பொம்மை வாத்துத் தொகுப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

பெட்டியில், ஆணுக்குப் பச்சைத் தலையுள்ள மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் பொம்மைகள் 12 இருந்தன: எட்டு ஆண், நான்கு பெண். வரியுடன் 90 டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தேன். உள்ளீடற்ற பிளாஸ்டிக் உடல்; அடிப்பட்டையில் எடை வார்க்கப்பட்டிருப்பதால், இருட்டில் எப்படி வீசினாலும் நிமிர்ந்து மிதக்கிறது. விடியலுக்கு முன் முழங்கால் அளவு சேற்றில் நிற்பவருக்கு இந்த ஒரு வசதியே பாதி விலைக்குச் சமம். பொம்மை நகர்ந்துவிடாமல் நிறுத்தும் கயிறும் ஈயக்குண்டும் மட்டும் தனியே வாங்க வேண்டும்.

முதல் மூன்று வாரங்கள் பொம்மைகள் நன்றாகவே வேலை செய்தன. அப்போது இறங்கியவை பெரும்பாலும் அந்த ஆண்டு பொரித்த இளம் பறவைகள். டிசம்பர் நடுவிலிருந்து நிலைமை மாறியது. ஒரு காலையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊசிவால்கள் எங்களை நான்கு முறை சுற்றின. ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட அகன்றது. நான்காவதற்குப் பிறகு பக்கத்து வயலில் போய் அமர்ந்துவிட்டன. கதிரவன் அப்போதுதான் மேலேறியிருந்தான். குழியிலிருந்து திரும்பிப் பார்த்தேன்: ஒவ்வோர் ஆண் பொம்மையின் முதுகிலும், கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் செம்பில் தெரிவதுபோல, ஒரு வெள்ளை ஒளிப்பொட்டு. உண்மையான இறகு ஒளியைச் சிதறடிக்குமே தவிர இப்படிக் கண்ணில் குத்தாது. இந்தத் தொகுப்பின் முதன்மைக் குறை இந்தப் பளபளப்புதான்.

மனிதக் கண்ணில் நிறம் உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை. பறவைக் கண்ணில் நான்கு வகை. எனவே கடை அலமாரியில் நமக்கு அச்சு அசலாகத் தெரியும் பொம்மையின் பச்சைத் தலை, வாத்தின் கண்ணுக்கும் அப்படியே தெரியும் என்பதற்கு உறுதியில்லை. பெட்டியில் அச்சிட்டிருந்த ‘புறஊதா வண்ணம்’ என்ற சொற்களை என் கண்ணால் சோதிக்க வழியில்லாததால் அதற்கு மதிப்பெண் தரவில்லை. பளபளப்பற்ற தெளிப்பு வார்னிஷை நாங்களே இரண்டு முறை பூசிய பிறகு முதுகின் ஒளிப்பொட்டு பெருமளவு மறைந்தது. இதைத் தொழிற்சாலையிலேயே செய்திருக்கலாம்.

அடுத்த குறை தோரணையில். பன்னிரண்டும் கழுத்தை நீட்டித் தலையை உயர்த்தி நிற்கின்றன. நிம்மதியாக இருக்கும் வாத்துக் கூட்டத்தில் ஒன்று வாலைத் தூக்கித் தலையை நீருக்குள் விட்டிருக்கும், ஒன்று இறகு கோதும், இரண்டு முதுகில் அலகைச் செருகி உறங்கும். எல்லாமே கழுத்தை நிமிர்த்தினால் நரியோ கழுகோ தென்பட்டுவிட்டது என்று பொருள். ஆக, மேலிருந்து வருபவருக்கு நாம் விரித்து வைப்பது வரவேற்பன்று, எச்சரிக்கை. பழந்தமிழ் வேடர்கள் பழக்கிய மானைக் கட்டிவைத்துக் காட்டு மானை ஈர்த்தார்கள். அதற்குப் ‘பார்வை’ என்று பெயர். அமெரிக்காவிலும் உயிருள்ள வாத்தைக் கட்டிவைக்கும் வழக்கம் இருந்து, 1935-இல் தடை செய்யப்பட்டது. உயிருள்ளது அசைந்தது, குரல் கொடுத்தது; பிளாஸ்டிக்கிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

இந்தப் பள்ளத்தாக்கின் மூடுபனிக் காலைகளில் காற்றே இராது. கண்ணாடி போன்ற நீரில் பொம்மைகள் அறைந்த ஆணிகள்போல நிற்கும். இதற்கென்று இதே நிறுவனம் விற்கும், மின்கலத்தில் சிறகு சுழலும் பொம்மையையும் 100 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினேன். கலிபோர்னியாவில் நவம்பர் 30 வரை அதைப் பயன்படுத்தக் கூடாது. டிசம்பர் தொடக்கத்தில் அது தொலைவிலிருந்த கூட்டங்களைக்கூட நம் பக்கம் திருப்பியது என்பதை மறுக்கமாட்டேன். ஜனவரியில் அதே மினுக்கத்தைக் கண்டதும் வாத்துகள் விலகிப் பறந்தன. ஊரிலுள்ள குழிதோறும் அது சுழன்றுகொண்டிருந்தால் வேறென்ன செய்யும்? கடைசியில் உதவியது பத்து டாலர் நூலும் ரப்பர் பட்டையும்: நான்கு பொம்மைகளை ஒரே நூலில் கோத்து, குழிக்குள்ளிருந்து இழுத்து விட்டால் நீரில் அலை பரவி மற்ற எட்டும் ஆடின.

உடன் வந்த கையேடு, காற்றை எதிர்த்து இறங்கும் வாத்துக்கு நடுவே இடம் விட்டு லாட வடிவில் அடுக்கச் சொல்கிறது. காரணம் சரியே, ஆனால் எல்லோரும் அதையே செய்கிறார்கள். ஜனவரிக்குள் மல்லார்டுகள் பெரும்பாலும் இணை சேர்ந்துவிடுவதால் ஆணும் பெண்ணுமாகச் சிறு குழுக்களாகப் பிரிந்து அமரும். ஐந்து பொம்மைகளை மட்டும் இரண்டும் மூன்றுமாக விலக்கி வைத்த நாள்களில்தான் எங்களுக்குப் பருவத்தின் பின்பாதியில் ஏதேனும் கிடைத்தது.

எல்லாப் பழியையும் பொம்மைமீது போடுவது நியாயமாகாது. அண்ணாந்து பார்க்கும் முகம், வரப்பில் மின்னும் வெற்றுத் தோட்டாக் கூடுகள், உறைபனி படிந்து வெளுத்த பொம்மைத் தலைகளைத் துடைக்க மறந்த சோம்பல் ஆகியவை எங்கள் கணக்கு. ஆனால் இரண்டே மாதத்தில் அலகு வண்ணம் உரிந்ததும், ஒரு பொம்மை தையலில் விரிந்து நீர் புகுந்து சாய்ந்து மிதந்ததும் அவர்கள் கணக்கு. சாய்ந்த பொம்மை இருப்பதைவிட இல்லாதது நல்லது. புகைப்படத்துடன் எழுதியதும் இரண்டு வாரத்தில் மாற்றுப் பொம்மை அனுப்பினார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஐந்துக்கு மூன்று தருகிறேன். பருவத் தொடக்கத்தில் மட்டும் செல்பவர் அப்படியே வாங்கலாம். ஜனவரியிலும் செல்பவர் வார்னிஷுக்கு ஒரு மாலையும் நூலுக்குப் பத்து டாலரும் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். மூன்று டஜன் பொம்மைகளைத் தள்ளுபடியில் மொத்தமாக வாங்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அடுத்த பருவத்துக்கு நான் இதில் ஆறை மட்டும் வைத்துக்கொண்டு, உறங்கும் தோரணையிலுள்ள ஊசிவால் பொம்மைகள் நான்கை வேறிடத்தில் வாங்கவிருக்கிறேன்.