நூறு வயது 'கோம் பட்டு' வாங்கி ஏமாந்தேன்

ஈரானின் இஸ்ஃபஹான் நகரில் நக்‌ஷ்-எ ஜஹான் சதுக்கத்தை ஒட்டிய கடைத்தெருவில் யாராவது உங்களுக்கு 'நூறு வருஷத்துக் கோம் பட்டுக் கம்பளம்' காட்டினால், தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நான் எழவில்லை. 1,400 டாலர் போச்சு.

ஈரானில் கோம் நகரத்துக் கம்பளத் தொழில் தொடங்கியதே 1930களை ஒட்டித்தான், அதுவும் காஷான் வியாபாரிகள் மூலம். காஷான், தப்ரீஸ், கெர்மான் என்று பழைய கம்பள ஊர் ஒன்றைச் சொல்லியிருந்தாலாவது வயது பொருந்தியிருக்கும். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கடைக்காரர் சொன்னது எல்லாமே பொய்யும் இல்லை. நடுவில் நிறம் மாறும் பட்டையைத் தடவி, "இது அப்ரஷ், நூலை வெவ்வேறு தடவையாகச் சாயம் தோய்த்ததால் வருவது" என்றார். அது உண்மையான விஷயம். அந்த ஒரு உண்மையில்தான் விழுந்தேன்.

ஷார்ஜாவுக்குத் திரும்பியதும், கம்பளம் பழுதுபார்க்கும் ஈரானியப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஈரக் கைக்குட்டையால் குஞ்சத்தைத் தேய்த்தார். துணியில் பழுப்புக் கறை. தேயிலைச் சாயமாம், பழசாகக் காட்ட. ஓர் இழையைப் பிடுங்கிக் கொளுத்தினார். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரவேண்டும். வந்தது காகிதம் எரியும் வாடை. பிறகு பின்புறத்தை மடக்கி, ஊசி முனையால் எண்ணிக் காட்டினார்: இரண்டு பாவு நூலில் (நெடுக்காக ஓடும் இழை) போடவேண்டிய முடிச்சை நான்கில் போட்டிருந்தார்கள். இதற்கு ஜுஃப்தி என்று பெயர். பாதி வேலை, பாதி நூல், சீக்கிரம் தேயும்.

"ஊர்ப் பெயரை வைத்தும் முடிவு செய்யாதே தம்பி" என்றார். கம்பள முடிச்சில் பாரசீகம், துருக்கி என்று இரண்டு முக்கிய வகை; அதில் பாரசீக முடிச்சுக்கே 'சென்னே' என்று ஓர் ஈரானிய ஊரின் பெயர் உண்டு. ஆனால் அந்தச் சென்னேயில், இன்றைய சனந்தாஜில், போடுவது துருக்கி முடிச்சாம்! எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று பார்த்தால், ஈரானில் வெளிநாட்டு கார்டு ஓடாது என்பதால் கடைக்காரர் துபாய்க் கணக்கில் இணைத்த மெஷினில்தான் தேய்த்திருந்தார். ரசீதில் 'கைவினைப் பொருள், 1' என்று மட்டும் இருக்கிறது. வங்கி கைவிரித்துவிட்டது.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் ஊர், வயது, இழை மூன்றையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே கார்டை எடுக்கலாம்.