புதிய ஹாம்களுக்கு ஏற்ற கருவி: பாஃபெங் யூவி-5ஆர்

ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியாளராவதற்கான ஏஎஸ்ஓசி என்ற தகுதித் தேர்வில் தேறி உரிமமும் அழைப்புக்குறியும் பெற்றவர்கள் முதலில் வாங்குவதற்கு, பாஃபெங் யூவி-5ஆர் கையடக்க வானொலிக் கருவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இந்திய ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் இரண்டும் இதில் கிடைப்பதால், அருகில் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி, வலுவாக்கி மீண்டும் அனுப்பும் நிலையம்) இருந்தால், ஏறத்தாழ 4 வாட் திறனிலேயே ஊரின் மறுகோடியில் இருப்பவருடன் பேசலாம்.

ரிப்பீட்டரின் ஆஃப்செட்டையும் (அனுப்பும், பெறும் அலைவரிசைகளுக்கு இடையிலான வித்தியாசம்) டோனையும் (ரிப்பீட்டரைத் திறக்கும் ஒலிக்குறி) பொத்தான்களை அழுத்தி அழுத்திப் பதிவது பொறுமையைச் சோதிக்கும் வேலை என்பதால், நிரலாக்கக் கேபிளையும் சேர்த்தே வாங்கி, இலவச மென்பொருளான 'சர்ப்' வழியாகக் கணினியிலிருந்து ஏற்றிவிடுவதே நல்லது. குட்டை ரப்பர் ஆன்டெனாவை மாற்றி நீளமானதைப் பொருத்தினால், இரைச்சலில் அமிழ்ந்த குரலும் தெளிவாகக் கேட்கும்.

விண்வெளி நிலையத்திலிருந்து வீரர்கள் பேசும் வேளைகளில் 145.800 மெகாஹெர்ட்ஸில் அவசியம் கேட்டுப் பாருங்கள்; அதற்காகவே இதை வாங்கலாம்.