மணிலா வாத்துக்கு மேலே வலையா, இறக்கையில் கத்தரியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் கொல்லையில் வாத்து வளர்க்கிறவர்களிடம் இருப்பது பெரும்பாலும் மணிலாதான் (ஆங்கிலத்தில் மஸ்கோவி). கத்தி ஊரைக் கூட்டாது, கறியில் கொழுப்பு குறைவு, பெட்டையே 35 நாள் அடைகாத்துக் குஞ்சு இறக்கிவிடும். ஒரே வம்பு, அது பறக்கும். வெள்ளைப் பெக்கின் வாத்து மல்லார்ட் என்கிற காட்டு வாத்தின் வம்சம். உடம்பு பெருத்துப் பறப்பதையே மறந்துவிட்டது. மணிலா வேறு இனம். தென் அமெரிக்கக் காடுகளில் மரப்பொந்தில் முட்டையிட்ட பறவை, கிளையைப் பிடிக்கிற நகத்தை இன்னும் விடவில்லை. 5, 6 கிலோ ஆண் வேலி தாண்டவே திணறும். அதில் பாதி எடையுள்ள பெட்டை நேரே கூரைக்குப் போய்விடும். ஆகவே இங்கே பேசுவதெல்லாம் பெட்டையைப் பற்றித்தான்.

பறக்கட்டும் என்று விடுவதும் ஒரு வழி. டொங்காட் பக்கம் நிலத்தோடு இருப்பவர்கள் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் தீனி நேரத்துக்குத் திரும்பிவிடும். மதிலோடு மதில் ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் இது ஆகாது. பக்கத்து வீட்டுக் கூரையில் எச்சம் விழுந்தால் இரண்டே நாளில் பேச்சு வரும். ஆற்றங்கரைக்குப் போய் காட்டில் திரிகிற எகிப்திய வாத்துகளோடு மேய்ந்துவிட்டு வருவதும் நல்லதல்ல. 2017, 2021, 2023 என்று பல முறை பறவைக் காய்ச்சல் இந்த நாட்டுப் பண்ணைகளைப் பதம் பார்த்திருக்கிறது.

வலைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: பருந்து குஞ்சைத் தூக்காது. குரங்குக்கும் கொஞ்சம் தடை. கம்பம் 2 மீட்டர் உயரம் இருந்தால்தான் உள்ளே நிமிர்ந்து நின்று கூட்ட முடியும். நிழல் துணியைக் கூரையாகக் கட்டினால் காற்று அதைப் பாய்மரமாக்கிக் கம்பத்தையே சாய்க்கும். 50 மில்லிமீட்டர் கண்ணுள்ள பறவை வலையை, குறுக்கே கம்பி இழுத்து, தொய்யாமல் கட்ட வேண்டும். தொய்ந்த வலையில் நகம் சிக்கினால் கால் போகும். பிறகு மாமரத்து இலையும் லிச்சி இலையும் மேலே சேரும். வாரம் ஒருமுறை தட்டிவிட வேண்டும். நைலான் வெயிலில் பொடியும், கோழிக்கம்பி கடற்காற்றில் துருப்பிடிக்கும். கொல்லை முழுக்க இப்படி மூட ஆகும் செலவும் வேலையும் பத்துப் பெட்டைக்குக் கட்டுபடியாகாது.

அதனால் என் ஓட்டு கத்தரிக்கு. செய்முறை சுலபம். ஒருவர் வாத்தைக் கக்கத்தில் இடுக்கி, தலை பின்பக்கம் பார்க்க, கால்களைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும்; முழுக்கைச் சட்டை போடாவிட்டால் நகம் கையைக் கிழிக்கும். மற்றவர் ஒரு இறக்கையை விரித்து, நுனிப்பக்கத்து 10 பெரிய இறகுகளை, அவற்றின் அடியை மூடியிருக்கிற சின்ன இறகுகளின் ஓரத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் வெளியே, கனமான கத்தரியால் வெட்ட வேண்டும். வெளியோரத்து இரண்டை அழகுக்காக விடுகிறவர்கள் உண்டு. பெட்டைக்கு அந்த இரண்டே உதவிவிடும், விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும்தான் வெட்ட வேண்டும். இரண்டையும் வெட்டினால் சமநிலை கெடாது. நல்ல வடகிழக்குக் காற்றில் இலேசான பெட்டை எகிறிவிடும்.

வெட்டுவதற்கு முன் தண்டைப் பாருங்கள். வெளுத்துக் காய்ந்திருந்தால் அது நம் நகம் மாதிரி, வலிக்காது. கருநீலமாக, பிசுபிசுப்பான உறைக்குள் இருந்தால் இன்னும் ரத்தம் ஓடுகிற இளம் தண்டு. அதைத் தொடவே கூடாது. தவறி வெட்டினால் மைசீனா (மக்காச்சோள) மாவை அப்பி ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். (குஞ்சிலேயே இறக்கை நுனி எலும்பை எடுத்துவிடுவது வேறு விஷயம். அது நிரந்தரம், அறுவை; கொல்லை வேலை அல்ல.)

கத்தரியின் சிக்கல் வெட்டுவதில் இல்லை, நாள் கணக்கில் இருக்கிறது. வெட்டின இறகு வளராது. அடி விழுந்து புதுசு முளைத்தால்தான் உண்டு. முட்டைக் காலம் முடிந்ததும் பெரிய இறகுகள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் உதிரும், சில வாரத்தில் புதுசு வந்துவிடும். இங்கே அது கோடைக் கடைசி, அதாவது பிப்ரவரி, மார்ச் வாக்கில், ஆனால் எல்லாப் பெட்டைக்கும் ஒரே வாரத்தில் வராது. தாமதமாக அடையில் உட்கார்ந்தது தாமதமாகவே உதிர்க்கும். ‘போன வருஷம் மார்ச்சில் வெட்டினோம், இந்த வருஷமும் மார்ச்’ என்று இருந்தால் ஒன்றிரண்டு கூரையில் உட்கார்ந்திருக்கும். ஜனவரியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றின் இறக்கையையும் விரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குஞ்சுக் கணக்கு வேறு. புரட்டாசியில் கறி வாங்க ஆள் இருக்காது, ஆகவே பலர் அப்போது பெட்டையை அடைக்கு விடுகிறார்கள். அக்டோபர் குஞ்சு ஜனவரிக்கு 12 வாரம். அதற்குள் எகிறத் தொடங்கிவிடும், ஆனால் தண்டில் இன்னும் ரத்தம் இருக்கலாம். வெட்டவும் முடியாது, விடவும் முடியாது. கறிக்கு வளர்ப்பதென்றால் கவலை இல்லை, பெட்டை 10 வாரத்திலும் ஆண் 12 வாரத்திலும் சட்டிக்குத் தயார். வைத்துக்கொள்கிற இளம் பெட்டைகளுக்கு மட்டும் 3-க்கு 2 மீட்டரில் மூடிய கூண்டு ஒன்று தேவை. வலை அந்த அளவுக்கு இருந்தால் போதும்.

வெட்டின வாத்து நாயிடமிருந்து தப்பாது. ராத்திரி பூட்டுகிற கூண்டு கட்டாயம், முட்டைப்பெட்டி தரையிலேயே. ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) மேடை மாதிரி எதிலாவது படிப்படியாகத் தாவி ஏறிக் குதித்தால் கால் ஒடியும். வேலி ஒன்றரை மீட்டர் போதும், ஆனால் மேலே குழாய் ஓடக் கூடாது, அது உட்கார இடம் கொடுக்கும். கம்பி வலையை நகத்தால் ஏறும் பெட்டைகளும் உண்டு. உள்பக்கம் அடியிலிருந்து 60 சென்டிமீட்டருக்குத் தகரம் அடித்துவிடுங்கள்.

புதுசாகப் பெட்டை வாங்கினால் இரண்டு இறக்கையையும் விரித்துப் பார்த்தே கொண்டுவாருங்கள். விற்கிறவர் வெட்டித்தான் கொடுத்திருப்பார், எப்போது வெட்டினார் என்று சொல்லமாட்டார்.