ட்ராயிங் திறந்ததும் எச்சரிக்கை: எதை நம்பலாம்?

கோவையில் டிசைன், வாளையார் தாண்டினால் கேரளத்தின் கஞ்சிக்கோட்டில் ஃபேப்ரிகேஷன் (பிளேட்டை வெட்டி வெல்டிங் செய்யும் வேலை), இரண்டுக்கும் பொதுவாக ஒரு சர்வர். இப்படி ஓடும் ஆபீஸ்களில் அடிக்கடி கேட்கும் கோரிக்கை இது: "நாசில் இடம் இன்னும் முடிவாகலை, பிளேட்டை வெட்டாதீங்கன்னு ஃபைலைத் திறந்ததுமே தானா வரணும்." நாசில் என்றால் டேங்க் போன்ற கலனில் குழாய் சேரும் வாய். ட்ராயிங் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் இதற்கு நான்கு வழி உண்டு.

சுலபமானது, ட்ராயிங்கிலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடுவது. பிரிண்டில் வராமல் இருக்க பலரும் டெஃப்பாயின்ட்ஸ் என்ற, பிரிண்ட் ஆகாத லேயரில் (அடுக்கில்) போடுகிறார்கள். அதைவிட, பிரிண்ட் ஆகாதபடி அமைத்த தனி லேயர் வைப்பது சுத்தமான வேலை. ஃபைல் எங்கே போனாலும் எழுத்தும் கூடவே போகும், எந்த மென்பொருளிலும் தெரியும். ஆனால் ஃபைல் கடைசியாக சேவ் செய்த காட்சியில்தான் திறக்கும். முந்தைய ஆள் ஒரு ஃபிளாஞ்சை (குழாயை இணைக்கும் விளிம்பை) ஜூம் செய்துவிட்டு மூடியிருந்தால், ஓரத்தில் இருக்கும் எச்சரிக்கை கண்ணிலேயே படாது.

விபிஏ மேக்ரோவை (தானாக ஓடும் சிறு நிரலை) ஃபைலுக்குள் பதிப்பது இரண்டாவது வழி. 2010 பதிப்பிலிருந்து விபிஏ-வைத் தனியாக இறக்கி நிறுவ வேண்டும். அது இல்லாத கணினியில் செய்தி வராது. புதிதாகத் தொடங்குபவர்கள் இதை விட்டுவிடலாம்.

மூன்றாவதுதான் அதிகம் பேர் கையாளுவது: ப்ராஜெக்ட் ஃபோல்டரில் 'ஏகேட்டாக்' என்ற பெயரில் ஒரு லிஸ்ப் ஃபைல். லிஸ்ப் என்பது ஆட்டோகேடுக்குள் ஓடும் நிரல்மொழி. ஆட்டோகேட் ஃபைல்களைத் தேடும் சப்போர்ட் பாதையில் அந்த ஃபோல்டரை முன்னால் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு ட்ராயிங் திறக்கும்போதும் அதைத் தேடி ஏற்றும். உள்ளே 'அலர்ட்' என்று ஒரே ஒரு வரி போதும், திரையில் செய்திப் பெட்டி வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், அந்தப் பெயரில் முதலில் கிடைக்கும் ஃபைலை மட்டும்தான் ஏற்றும். ஆபீஸுக்கென்று சப்போர்ட் ஃபோல்டரில் எல்லோருடைய ஷார்ட்கட்டுகளோடு ஏற்கெனவே ஒன்று இருந்தால், ப்ராஜெக்ட் ஃபோல்டரில் இருப்பது அதை மறைத்துவிடும். காலையில் பாதிப் பேர், "அண்ணா, என் ஷார்ட்கட் எதுவுமே வேலை செய்யலை" என்று வந்து நிற்பார்கள்.

பாதுகாப்பும் குறுக்கே வரும். 2012-இல் பெரு நாட்டில் பரவிய மெட்ரே என்ற புழு இந்த லிஸ்ப் வழியாகவே நுழைந்து, ட்ராயிங்குகளைத் திருடி சீனாவில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பியது. இப்போதைய பதிப்புகளில், நம்பகமான பாதை என்று பதியாத ஃபோல்டரிலிருந்து லிஸ்ப் ஏறினால் ஏற்றலாமா என்று ஆட்டோகேட் கேட்கும். சர்வர் பாதையை எல்லாக் கணினியிலும் பதிந்துவிட்டால் சரி. அந்தக் கேள்வியையே மொத்தமாக அணைத்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான்.

இதைவிடப் பெரிய குறை, எந்த ட்ராயிங்கைத் திறந்தாலும் ஒரே பெட்டி வருவது. இரண்டு நாளில் கை தானாக ஓகே அடிக்கப் பழகிவிடும். "என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இரவில் ஸ்கிரிப்ட் போட்டு நூறு ட்ராயிங்கை மாற்ற விட்டுப் போனால், முதல் ஃபைலிலேயே பெட்டி ஓகேவுக்குக் காத்துக்கொண்டு நிற்கும்.

என் ஓட்டு நான்காவதற்கு. செய்தியை அந்தந்த ட்ராயிங்குக்குள்ளேயே 'எல்டேட்டா' எனும் தரவாகச் சேமித்துவிட வேண்டும். ஆபீஸின் பொது லிஸ்பில், "செய்தி இருந்தால் காட்டு, இல்லையென்றால் சும்மா இரு" என்று சில வரி சேர்த்தால் போதும். வேறு பெயரில் சேவ் செய்தாலும் செய்தி கூடவே வரும், தேவையில்லாத ஃபைலில் பெட்டி எழாது. யூஸர்எஸ்1 போன்ற மாறிகளில் எழுதி வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், அவை ட்ராயிங்கோடு சேமிக்கப்படுவதில்லை. 2021 பதிப்பிலிருந்து லிஸ்ப் யூனிகோடை (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டை) புரிந்துகொள்வதால், தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பெட்டியில் எழுதலாம். கஞ்சிக்கோட்டுக்கு இது ரொம்பவே உதவும்.

வெளி வெண்டருக்குப் போகும் ஃபைலில் இந்த நான்காவது வழி பலிக்காது. அவரிடம் நம் லிஸ்ப் இருக்காது. அவர் ஆட்டோகேடின் சிக்கனப் பதிப்பான எல்டி வைத்திருந்தால், 2024-க்கு முந்தைய பதிப்புகளில் லிஸ்பே கிடையாது. அங்கே முதல் வழிதான்: நாசிலுக்குப் பக்கத்திலேயே, பிரிண்டிலும் விழும்படி எழுதி, முழு ட்ராயிங்கும் தெரியும்படி ஜூம் செய்து சேவ் பண்ணி அனுப்புங்கள்.