குளோரீன் குளிசை: மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

போன கிழமை மச்சான் கனடாவிலிருந்து எடுத்தார். திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் அவர் கட்டும் வீட்டில் நீச்சல் தடாகத்துக்கு மாபிள் ஒட்டி முடிந்துவிட்டதாம். "நீங்கள் பாவிக்கிற அந்தக் குளிசை வாளியையே வாங்கட்டோ அத்தான்?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். வேறு யாருக்கும் உதவினாலும் நல்லது.

எங்களுடையது உப்புவெளியில் இருக்கிறது. ஏழு மீற்றர் நீளம், மூன்றரை அகலம், சராசரி ஆழம் 1.3 மீற்றர். ஏறக்குறைய 32,000 லீற்றர் பிடிக்கும். தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். கேத்திலில் வெள்ளையாகப் படியும் அதே தண்ணீர்தான். குளிசை என்றால் உள்ளங்கை அகலத்தில் வரும் 200 கிராம் ட்ரைக்குளோர் குளிசை.

நல்லதை முதலில் சொல்லவேண்டும். மிதவைக்குள், அதாவது குளிசை போட்டு மிதக்கவிடும் துளையிட்ட கூட்டுக்குள், இரண்டைப் போட்டுவிட்டு நாங்கள் நான்கு நாள் யாழ்ப்பாணம் போய் வந்தாலும் தடாகம் போட்டபடியே இருக்கும். அளக்க வேண்டாம், கலக்க வேண்டாம், உடுப்பில் வெள்ளைப் புள்ளி விழாது. குளிசை அமிலத் தன்மை உள்ளது, எங்கள் கிணற்றுத் தண்ணீர் காரப்பக்கம் நிற்பது. ஒன்றை ஒன்று பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் நான்கு மாதமும் பி.எச். 7.4க்கும் 7.6க்கும் இடையிலேயே நின்றது, ஒரு போத்தல் அசிட் கூட வாங்கவில்லை. அந்த நாட்களில் யார் கேட்டிருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். முதல் வருடம் பெப்ரவரியில் தொடங்கினோம். யூலையில் கச்சான் காற்று மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய கிழமையில், தண்ணீர் பச்சையானது. முதல் நாள் படிக்கட்டின் மூலையில் மட்டும் வழுவழுப்பு. மூன்றாம் நாள் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெரியவில்லை. குளோரீன் பார்த்தால் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் மூன்று பங்கு) காட்டுகிறது. அப்படியென்றால் சரிதானே? விற்ற கடையில் கேட்டேன். "தூசியால வாறது ஐயா, இன்னும் ரெண்டு குளிசை போடுங்கோ" என்றார்கள். போட்டேன். பச்சை இன்னும் தடித்தது. பேரப்பிள்ளைகளைத் தினமும் கடலுக்குக் கூட்டிப்போனோம்.

அந்தக் குளிசைக்குள் குளோரீன் மட்டும் இல்லை, சயனூரிக் அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. வெயில் குளோரீனைத் தின்னாமல் காப்பது அதுதான். அது அறவே இல்லாத தண்ணீரில் எங்கள் நடுப்பகல் வெயில் ஒரு மணித்தியாலத்துக்குள் பாதிக் குளோரீனை இல்லாமல் செய்துவிடும். ஆகவே 30 முதல் 50 பி.பி.எம். வரை தேவைதான். ஆனால் குளோரீன் செலவாகிப் போகும், இந்த அமிலம் போகாது. ஆவியாகாது, வடிகட்டியிலும் நிற்காது. ஒவ்வொரு குளிசையும் எங்கள் தடாகத்துக்குச் சுமார் 5.6 பி.பி.எம். குளோரீனும் 3.4 பி.பி.எம். அமிலமும் கொடுக்கிறது. கிழமைக்கு இரண்டரைக் குளிசை என்றால் பத்துக் கிழமையில் அமிலம் 85. கூடக் கூட அது குளோரீனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாது. அமிலத்தின் அளவில் ஏழு, எட்டு வீதமாவது குளோரீன் நிற்கவேண்டும். எங்கள் தண்ணீரில் அப்போது அமிலம் 160, அதற்குக் குளோரீன் 12 வேண்டும். நான் 3ஐப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

அந்த 160 எப்படித் தெரிந்தது என்றால், பிள்ளை கொண்டுவந்த சோதனைப் பெட்டியால். இந்த மூன்று வருடத்தில் நான் மனம் நிறைந்து பாராட்டும் ஒரே சாமான் அதுதான். தடாகத் தண்ணீரையும் மருந்தையும் சரிபாதியாகக் கலந்தால் பால் மாதிரிக் கலங்கும். அடியில் கறுப்புப் புள்ளி போட்ட ஒரு ஒடுக்கமான குழாய். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, குழாயை இடுப்பு உயரத்தில் பிடித்து, மேலிருந்து பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். புள்ளி மறைகிற இடத்தில் எழுதியிருப்பதுதான் அளவு. எங்களுடையது 100 என்ற கோட்டுக்கு வரமுன்னமே மறைந்துவிட்டது, அதற்கு மேல் குழாயில் எண் இல்லை. தண்ணீரில் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீர் கலந்து திரும்பப் பார்த்தேன். 80. இரட்டித்தால் 160.

இதற்கு எங்களுக்கு இருந்த ஒரே வழி தண்ணீரை மாற்றுவது. யூலையில் கிணறு அடியில் கிடக்கும். பாதியை இறைத்து, பவுசர் தண்ணீர் வாங்கி நிரப்பி, பத்து நாள் கழித்து இன்னொரு தடவையும் அப்படியே செய்தோம். 160, 80 ஆகி, பிறகு 40 ஆனது. வாளியின் மேல் எத்தனையோ எச்சரிக்கை அச்சடித்திருக்கிறார்கள். "அமிலம் சேரும், அளந்து பாருங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தால் அந்தப் பவுசர் காசு என் சட்டைப்பையில் இருந்திருக்கும். இதை நான் இன்னும் மறக்கவில்லை. மாரியில் மட்டும் தடாகத்தை முழுதாக இறைக்கவேண்டாம். எங்கள் பக்கம் அப்போது நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும். வெறுந்தொட்டியைக் கீழிருந்து தூக்கிவிடும்.

அப்புறம் வெடிப்பொருள் மாதிரிப் பயப்படவேண்டிய ஒன்று. கிணற்றுக்குப் போடுகிற குளோரீன் தூளும் இந்தக் குளிசையும் ஒன்றோடொன்று படவே கூடாது. ஒரே கரண்டி, ஒரே மிதவை, ஒரே அலுமாரித் தட்டு எதுவும் வேண்டாம். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

இப்போது கோடை முழுக்கத் திரவக் குளோரீன்தான். பத்து வீதக் கரைசல் ஒரு லீற்றர் எங்களுக்குச் சுமார் 3 பி.பி.எம். கொடுக்கும். பின்னேரம் வெயில் இறங்கியபின் தண்ணீர் திரும்பி வரும் குழாய் வாயில் மெதுவாக ஊற்றுவேன். தினசரி வேலை, குளோரீன் கான் சூட்டில் கிடந்தால் அதன் வலுவும் குறையும், அதனால் கிழமைக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறேன். ஆனால் இரண்டு கச்சானைப் பச்சையில்லாமல் கடந்துவிட்டோம்.

நான் எதிர்பாராத இடத்தில் குளிசை திரும்ப உதவியது. நவம்பர், டிசம்பர் மழையில் தடாகம் வழிந்துகொண்டே இருக்கும், அதோடு அமிலமும் வெளியே போகும். போன மாரி முடிவில் 20க்கு வந்துவிட்டது. அந்த இரண்டு மாதமும் மிதவையில் ஒன்றிரண்டு குளிசை போட்டால் ஒரு கெடுதலும் இல்லை. மழைத் தண்ணீரோடு காரத்தன்மையும் இறங்கும், குளிசை அதை இன்னும் இறக்கும் என்பதால் அப்பச்சோடா வேண்டும். எங்கள் தடாகத்தின் அளவுக்குக் காரத்தன்மையை 40 பி.பி.எம்.இலிருந்து 80க்கு ஏற்ற இரண்டேகால் கிலோ பிடித்தது.

இவ்வளவும் சொன்னபிறகு குளிசை கெட்ட சாமான் என்று எழுத எனக்கு மனம் வராது. சொன்ன வேலையைச் செய்கிறது. ஆனாலும் மச்சானுக்கு வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். வருடத்தில் ஒரு மாதம் வந்து நிற்கப்போகிறவர் அமிலத்தை அளந்துகொண்டிருக்கமாட்டார், வீட்டைப் பார்க்கும் தம்பிக்கும் அது தெரியாது. புதுவாளிக்குப் பதிலாக அந்தக் கறுப்புப் புள்ளிச் சோதனைப் பெட்டியை அங்கிருந்து வாங்கி வரச் சொன்னேன். எனக்கும் மருந்து ஒரு போத்தல் கேட்டிருக்கிறேன், என்னுடையதில் இன்னும் இரண்டு தடவைக்குத்தான் கிடக்கிறது.